கண்ணாடியைக் கழற்றும் நாள்

அத்தியாயம் 14

திருநின்றவூர் ஸ்டேஷனுக்கு எதிரே, துணிக்கடை மாடியில் இருந்த அந்தக் கண் கிளினிக்கில் காலையிலேயே உட்கார இடமில்லை. கல்யாணம் நிச்சயமான பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓர் அம்மா வந்திருந்தார். கல்லூரிப் பையன்கள் இருவர் ஒருவன் கண்ணாடியை மற்றவன் மாட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கு இன்றோடு முழுக்கு என்ற குஷி அந்த ஹாலெங்கும் இருந்தது.

ஏஞ்சலின் மட்டும் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் அண்ணன் அன்பு, ஒரு காலை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"பயந்துக்கினு கீறியா?"

"இல்லண்ணா."

"கேட்டா இன்னா சொல்லணும்? ஞாபகம் கீதில்ல?"

"ஸ்கேன் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல்னு சொன்னாங்க. ரிப்போர்ட்டு ஊட்ல கீது."

"அவ்ளோதான். திருவள்ளூர் பத்தி மூச்சு வுடாத."

திருவள்ளூர். அந்தப் பேரைக் கேட்டதும் ஏஞ்சலின் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

போன வாரம் அங்கே கண் ஆஸ்பத்திரியில்தான் டாக்டர் ஜோதிலட்சுமி அவளை எதிரே உட்கார வைத்து, கம்ப்யூட்டர் திரையில் அவளுடைய இரண்டு கண்களையும் காட்டினார். நீலமும் பச்சையுமாக இருந்த வட்டங்களில் கீழ்ப்பக்கம் மட்டும் சிவப்பாக, தீக்காயம் பட்டது போல ஒரு திட்டு.

"கண்ணுக்கு முன்னாடி, வாட்ச் மேல கண்ணாடி இருக்கிற மாதிரி ஒரு படலம் இருக்கும்மா. கார்னியா. லேசர் அதைத்தான் சீவி, வளைவை மாத்தும். உனக்கு அது கீழே மெலிஞ்சு, கூம்பு மாதிரி முன்னாடி தள்ள ஆரம்பிச்சிருக்கு. மெலிஞ்சதை மேலும் சீவினா கொஞ்ச நாள் நல்லாத் தெரியும். அப்புறம் கண்ணாடி போட்டாலும் தெரியாமப் போயிடலாம். நான் பண்ண மாட்டேன். வேற யார்கிட்டயும் பண்ணிக்காதே."

"அடுத்த மாசம் எனக்கு மெடிக்கல் இருக்கு டாக்டர். கண்ணாடி இல்லாம படிக்கணும்."

"புரியுது. ஆனா இந்தக் கண்ணுக்கு லேசர் ஆகாது. இது முத்தாம நிறுத்த மருந்து, லைட்டு வெச்சு ஒரு சிகிச்சை இருக்கு. அதைப் பண்ணிக்கலாம். பார்வை இப்படியே நிக்கும். கண்ணாடி போகாது."

மூன்று முறை எழுதி, மூன்றாவது முறைதான் போலீஸ் தேர்வில் பாஸானாள் ஏஞ்சலின். சிப்காட்டில் பேக்கிங் வேலை முடிந்து வந்து, கால் வீக்கத்தோடு மைதானத்தைச் சுற்றியவள். ஓட்டத்தில் கண்ணாடி நழுவாமலிருக்க எலாஸ்டிக் கட்டிக்கொண்டு ஓடி, முதல் ஆளாக வந்தவள். எல்லாம் முடிந்து, கடைசி வாசலில் கண் நின்று மறித்தது.

அவளைவிட அதிகமாக இடிந்து போனவன் அன்புதான். டாக்டரிடமே சண்டைக்குப் போய்விட்டான். ஆஸ்பத்திரி வாசலிலேயே போனைத் தோண்டி இந்தக் கிளினிக்கைக் கண்டுபிடித்துவிட்டான்.

"அந்தம்மா ஒருத்திதான் டாக்டரா? இவங்க சொல்றாங்க பாரு, கேள்வியே கேக்காம பண்ணித் தர்றாங்க."

கேள்வியே கேக்காம என்பதுதான் ஏஞ்சலினை உறுத்தியது. ஆனாலும் கிளம்பி வந்துவிட்டாள். வேறு வழி ஒன்றும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

"ஏஞ்சலின்!"

கூப்பிட்டவள் நர்மதா. கிளினிக்கில் பேஷன்ட்டுகளிடம் பேசி, சம்மதம் வாங்கி, தைரியம் சொல்லி உள்ளே அனுப்புவது அவள் வேலை. நீலச் சேலை, விடாத சிரிப்பு.

"வாங்கம்மா. பவர் பார்த்தாச்சு, கார்னியா திக்னஸ் பார்டர்ல இருக்கு, ஆனா டாக்டர் ஓகே சொல்லிட்டார். அந்த வடிவம் பார்க்கிற ஸ்கேன் மட்டும் நம்மகிட்ட மெஷின் ரிப்பேர். வெளியில எடுத்துட்டேன்னு சொன்னீங்கல்ல?"

"எடுத்தாச்சு மேடம், நார்மல்" என்று அவளுக்கு முன்னால் அன்பு சொன்னான். "சாயங்காலம் போட்டோ புடிச்சு அனுப்பிடறேன்."

"மறந்துடாதீங்க சார். டாக்டர் திட்டுவார். இந்தாங்க, இதுல நீங்க ஒரு கையெழுத்து, அண்ணன் ஒரு கையெழுத்து. உள்ள ஒரு டீ குடிக்கிற நேரம்தான் வேலை."

ஏஞ்சலின் கையெழுத்துப் போட்டாள். காகிதம் அன்புவிடம் போனது.

அவன் அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். பிறகு தள்ளிப் பிடித்தான். தலையை ஒரு பக்கம் சாய்த்து, இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பேனாவை வைத்தான்.

"ஐயோ, அங்க இல்ல சார். பிரிண்ட் மேலயே போட்டுட்டீங்களே. கோடு கீழ இருக்கு பாருங்க."

"எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி கீது" என்று சிரித்தான் அன்பு. 

நர்மதா வேறு தாள் எடுக்கப் போனாள்.

ஏஞ்சலின் சிரிக்கவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்ல வேற யாருக்காவது கண் பிரச்சினை இருக்கா? கூடப் பொறந்தவங்க யாராவது கண்ணைக் கசக்கிக்கிட்டே இருப்பாங்களா? டாக்டர் ஜோதிலட்சுமி அன்று கேட்டிருந்தார். இல்லை என்று அன்புதான் அவசரமாகப் பதில் சொன்னான்.

ஷிப்டு முடிந்து வந்தால் கட்டிலில் உட்கார்ந்து மணிக்கட்டால் கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருப்பான். அம்மா மெர்சி தினமும் திட்டுவாள். உயிராக வைத்திருந்த பைக்கை வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, கம்பெனி பஸ்ஸில் போகிறான். ஏன் என்று கேட்டால் எரிந்து விழுவான்.

"ண்ணா, எதுத்தாப்ல அந்தக் கதவு மேல இன்னா எழுதிக்கீது?"

"இன்னாத்துக்கு?"

"சும்மா படியேன்."

"வெளையாடற நேரமா இது?"

ஏஞ்சலின் சட்டென்று எழுந்து, உள்ளங்கையால் அவன் வலது கண்ணைப் பொத்தினாள்.

"ஏய்!"

"இப்போ சொல்லு. என் கையில எத்தினி வெரலு?"

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். ஆனால் விலக்கவில்லை. ஹாலில் கல்லூரிப் பையன்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அன்புவின் இடது கண் அவள் விரலைத் தேடி அலைந்தது.

"ரெண்டு" என்றான் கடைசியில்.

அவள் ஒரு விரலைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள்.

கையை எடுத்தாள். மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எத்தினி நாளா?"

"கத்தாத."

"கத்தல. எத்தினி நாளா இப்பிடி?"

"லெப்ட்டு போயி ரொம்ப நாளாவுது. ரைட்டு இப்ப இப்பதான். லைட்டப் பாத்தா வால் மொளச்ச மாதிரி தெரியும். எழுத்துக்குப் பக்கத்துல இன்னொரு எழுத்து." 

அன்பு தரையைப் பார்த்துப் பேசினான். "அந்தம்மா உன் கண்ணப் பத்திச் சொல்லச் சொல்ல, எனக்கு என் கண்ணப் பத்திச் சொல்ற மாதிரியே இருந்துச்சு."

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி செய்கிற ஆலையில் கிரேன் ஓட்டுகிறவன் அவன். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் பெரிய கிரேன். மேலே கூண்டுக்குள் அன்பு உட்கார்ந்து ஓட்டுவான். கீழே நின்று கை காட்டி வழி சொல்வது அவர்கள் அப்பா சாலமோன். அப்பாவும் மகனும் ஒரே ஷிப்டு.

"மேல ஒக்காந்துக்கினு எப்பிடிண்ணா ஓட்ற?"

"கீழ நைனா நிக்கிறாரு இல்ல. எனக்கு ரெண்டு நைனா தெரியிறாரு. மேல ஒருத்தர், கொஞ்சம் கீழ ஒருத்தர். கீழ கீறவருதான் நெஜம்னு வெச்சிக்கினேன். இது வரைக்கும் தப்பு ஆவல."



"அதான் சொல்றேன்" என்று அவன் அவள் பக்கம் குனிந்தான். குரல் கெஞ்சியது. "எந்நேரமும் மாட்டிக்குவேன். மாட்டுனா அடுத்த நாளே வெளில. நைனாவுக்கும் வயசாவுது. நீ ஒருத்தி உள்ள போய்ட்டீன்னா போதும். அப்பறம் கண்ணு கெட்டாலும் கவர்மென்ட்டு வேல, வெளிய தள்ள மாட்டாங்க. கொஞ்ச நாள் நல்லாத் தெரியும்னு அந்தம்மாவே சொல்லிச்சு இல்ல? அந்தக் கொஞ்ச நாள் போதும் நமக்கு."

நர்மதா புதுத் தாளோடு வந்தாள். அன்பு அவள் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். இந்த முறை சரியாக விழுந்தது.

"வாங்கம்மா, உள்ள போலாம்."

ஏஞ்சலின் எழுந்து போனாள்.

ஏன் போனாள் என்று யாராவது கேட்டிருந்தால், அண்ணன் சொன்னதில் நியாயம் இருந்தது என்றுதான் சொல்லியிருப்பாள். இதற்கு முன்னால் அந்த வேலை அவளுக்கு ஆசையாக இருந்தது. இப்போது குடும்பத்துக்கு மிஞ்சப்போவது அது ஒன்றுதான். கண் ஒரு வருடம் தாங்கினால் போதும். ஆறு மாதம் தாங்கினாலும் போதும். பயிற்சி முடிந்து காக்கிச் சட்டை மாட்டிவிட்டால் பிறகு வருவது வரட்டும்.

பச்சை நிறத்தில் தொளதொளவென்று ஓர் அங்கியைக் கொடுத்தார்கள். தலைக்கு ஒரு தொப்பி. கண்ணாடியை வாங்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டார்கள். சுற்றியிருந்த எல்லாம் ஒரே நொடியில் கரைந்து, வெள்ளையும் நீலமுமாகக் குழம்பி நின்றது. நர்ஸ் ஒருத்தி கண்ணில் சொட்டு மருந்து விட்டாள். எரிந்தது. அப்புறம் மரத்துப் போனது.

அடுத்த அறையில் மேசையில் படுக்கவைத்தார்கள். மேலே ஒரு பெரிய மெஷின். அதன் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி மினுங்கியது.

"ரிலாக்ஸா இரும்மா. சிவப்பு லைட்டையே பாரு. வேற எங்கயும் பார்க்காதே" என்றார் டாக்டர். இளம் வயதுக் குரல்.

ஏஞ்சலின் பார்த்தாள். அவளுக்கு அது ஒரே புள்ளியாகத் தெரியவில்லை. ஒன்றும், அதற்கு ஒட்டினாற்போல் கீழே மங்கலாக இன்னொன்றும் தெரிந்தன.



"எதைப் பாக்கட்டும் டாக்டர்?"

"என்னம்மா?"

"எனக்கு ரெண்டு தெரியுது. எதைப் பாக்கட்டும்?"

டாக்டரின் கை நின்றது.

"கண்ணாடி இல்லாததால அப்படி இருக்கும். பரவாயில்லை, நடுவில பாரு."

அந்த இடத்தில் அவள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவர் வேலையைத் தொடர்ந்திருப்பார். இன்னும் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் கூண்டுக்குள் உட்கார்ந்து இரண்டு அப்பாக்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் அண்ணன்தான் அவளுக்குள் வந்து நின்றான். நாளைக்குக் கையில் லத்தியோடு ரோட்டில் நிற்கும்போது தனக்கும் இதே கதைதான் என்று பட்டது.

"டாக்டர், எனக்குக் கார்னியா கூம்பு மாதிரி கீதுன்னு சொன்னாங்க. திருவள்ளூர்ல ஸ்கேன் எடுத்தோம். லேசர் பண்ணவே கூடாதுன்னாங்க. நார்மல்னு எங்கண்ணன் சொன்னது பொய். நானும் சேந்துதான் சொன்னேன்."



பிறகு மெஷின் அவள் முகத்துக்கு மேலிருந்து விலகிப் போனது. டாக்டர் முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எழுந்திரு" என்றார்.

எழுந்தாள்.

"என்ன காரியம்மா பண்ண இருந்த? என் லைசென்ஸ் போனா போகட்டும். உன் கண்ணு? அதை யார் திருப்பித் தருவா?" அவர் குரல் உயர்ந்தது. "நர்மதா! அந்த ஸ்கேனைக் கண்ணால பார்த்தீங்களா நீங்க? பார்க்காம எப்படி உள்ள அனுப்பினீங்க?"

வெளியே நர்மதா ஏதோ சொல்லத் தடுமாறுவது கேட்டது. டாக்டர் ஒரு நிமிடம் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"நானும் கேட்டிருக்கணும்" என்றார் தனக்குள் சொல்வது போல.

"டாக்டர், எங்கண்ணனுக்கும் இதே மாதிரி கீது. என்னவிட மோசமா. கொஞ்சம் பாக்குறீங்களா?"

"இங்க வேண்டாம். உனக்கு ஒழுங்கா உண்மையச் சொன்னாங்களே, அந்த டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போ. தள்ளிப்போடாதே. மீதி இருக்கிற பார்வையையாவது நிறுத்தணும்."

கண்ணாடியைத் திருப்பி வாங்கி மாட்டிக்கொண்டபோது ஏஞ்சலினுக்கு நிம்மதி வரவில்லை. மூன்று வருட உழைப்பைத் தன் வாயாலேயே கிணற்றில் தள்ளிவிட்டு வந்தது போல்தான் இருந்தது.

ஹாலில் அன்பு இல்லை. டாக்டர் போட்ட சத்தம் அவன் காதிலும் விழுந்திருக்கும்.

ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அவனைப் பிடித்தாள். ஓடி வந்ததில் அவளுக்கு மூச்சு இரைத்தது. மரத்துப்போன கண்களில் வெயில் ஊசியாகக் குத்தியது.

"ண்ணா! நில்லு!"

"பேசாத."

"டாக்டரு இன்னா சொன்னாரு தெர்யுமா?"

"பேசாதன்றேன் இல்ல!" பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த பேசாம வாய மூடிக்கினு படுத்துக் கெடந்திருந்தா போதும். உன் ஒருத்திய நம்பித்தான் இத்தினி நாளு அந்தக் கூண்டுல ஏறிக்கினு இருந்தேன். எல்லாத்தையும் கெடுத்துட்ட."

"இன்னிக்கு ஷிப்டுக்குப் போவாதண்ணா. நேரா திருவள்ளூர் போலாம், வா."

"போயி? கண்ணு போச்சுன்னு அவங்க எழுதித் தருவாங்க. அதக் கொண்டு போயி கம்பெனில குடுக்கவா?"

"கம்பெனில நானே பேசறேன்."

"இன்னா பேசுவ? பேசித்தான் கிழிச்சியே இப்போ."

ரயில் வந்தது. கூட்டம் முண்டியது. அன்பு கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டான். ஏஞ்சலின் கையை நீட்டினாள். இடையில் நாலு பேர் ஏறினார்கள். ரயில் நகர்ந்துவிட்டது.

அடுத்த ரயிலைப் பிடித்து, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி லோக்கலுக்குக் காத்துக் கிடந்தாள். அன்புவின் போன் அணைக்கப்பட்டிருந்தது. அப்பாவின் போனை அம்மா எடுத்தாள்.

"இன்னாடி, ஆயிடுச்சா? கண்ணு நல்லாத் தெரியுதா?"

அம்மாவின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நைனா எங்கம்மா?"

"இப்பத்தான் ஷிப்டுக்குக் கெளம்பிச்சு. போன வெச்சிட்டுப் பூட்ச்சு. நீ சொல்லு, தெரியுதா?"

"தெரியுதும்மா" என்றாள் ஏஞ்சலின். போனை வைத்துவிட்டுப் புடவைக் கடை விளம்பரம் ஒட்டிய தூணில் சாய்ந்துகொண்டாள். ரயில் வரும் திசையைப் பார்த்தபடி நின்றவளுக்கு, தன்னை அறியாமல் விரல்கள் கண்ணைக் கசக்கப் போவது தெரிந்தது. வெடுக்கென்று கையைக் கீழே இறக்கினாள்.

கும்மிடிப்பூண்டியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஆலை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டாவது ஷிப்டு தொடங்கி வெகு நேரமாகியிருந்தது. வாசலிலேயே இரும்பு வாசனையும் சூடும் முகத்தில் அடித்தன. உள்ளே கிரேன் நகரும்போது அடிக்கும் எச்சரிக்கை மணி விட்டு விட்டுக் கேட்டது.

அண்ணன் மேலே இருக்கிறான்.

"சாலமோனக் கூப்புடுங்க அண்ணா. அவரு பொண்ணு வந்துக்கீது, அவசரம்னு சொல்லுங்க" என்று வாட்ச்மேனிடம் கெஞ்சினாள்.

கை காட்ட வேறொரு ஆளை நிறுத்திவிட்டு, சாலமோன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வந்தார். ஆரஞ்சு நிறச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் கழுத்தில் ஒரு விசில் தொங்கியது.

"இன்னாம்மா? ஆபரேசன் ஆன கண்ணோட வெயில்ல வந்து நிக்கிற?"

"ஆபரேசன் ஆவல நைனா. அத்த வுடு. அண்ணனக் கீழ எறங்கச் சொல்லு. அண்ணனுக்குக் கண்ணு…"

"தெரியும்" என்றார் சாலமோன்.



அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவளைக் காம்பவுண்டு ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"கொக்கிய நான் காட்ற எடத்துல நிறுத்தாம தள்ளித் தள்ளி நிறுத்துனான். அப்பவே புரிஞ்சிக்கினேன். அதான் விசில் வெச்சிக்கீறேன். ஒண்ணு ஊதுனா போவணும், ரெண்டு ஊதுனா நிக்கணும். பாதி காதாலதான் ஓட்றான்."

"உனக்குத் தெரியும்னு அண்ணனுக்குத் தெரியுமா?"

"சொல்லல. சொன்னா ஒடஞ்சி பூடுவான்."

"விசில் சத்தம் கேக்கலன்னா?"

"கேக்கும். பலமா ஊதுவேன்."

"நைனா!" அவள் குரல் உடைந்தது. "அந்தக் கிரேனுக்குக் கீழ நீ ஒருத்தன்தான் நிக்கிறியா? கம்பிக் கட்டு கட்றாங்களே ஒரிசாப் பசங்க, அவங்களுக்கு உன் விசிலு புரியுமா? அது அறுந்து வுழுந்தா அவங்க அம்மாவுக்கு யாரு போன் பண்ணுவா? நீ பண்ணுவியா?"

சாலமோன் விசிலைப் பிடித்துக்கொண்டார். 

"இன்னா பண்ணச் சொல்ற?" என்றார் மெல்ல. "என் புள்ளைய நானே காட்டிக் குடுக்கச் சொல்றியா?"

கேன்டீன் பக்கமிருந்து ராஜமாணிக்கம் வந்துகொண்டிருந்தார். ஆலையில் விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்கிற அதிகாரி. சாலமோனைக் கண்டதும் நின்றார்.

"என்ன சாலமோன், ஷிப்டு நேரத்துல இங்க நிக்கறீங்க? பொண்ணா?"

"ஆமா சார். ஒண்ணுமில்ல, ஊட்டு விஷயம். இதோ வந்துட்டேன்."

சாலமோன் மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். வளையல் சதையில் பதிந்தது. வேண்டாம் என்று அவர் கண்கள் கெஞ்சின.

"சரி, சீக்கிரம் போங்க" என்று ராஜமாணிக்கம் நகர்ந்தார்.

உள்ளே மணி மறுபடி அடித்தது. கிரேன் எதையோ தூக்கிக்கொண்டு நகர ஆரம்பித்திருந்தது.

"சார்!"

அவர் திரும்பினார்.

"கிரேன நிறுத்தச் சொல்லுங்க சார். எங்கண்ணனுக்குக் கண்ணு தெரியல."

சாலமோனின் பிடி நழுவியது.

ராஜமாணிக்கம் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.  கையிலிருந்த வாக்கி டாக்கியை வாயருகே வைத்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் மணிச் சத்தம் நின்றது. அதுவரை காதில் விழாமலிருந்த ஹைவே லாரிகளின் இரைச்சல் அப்போதுதான் கேட்டது. அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

அன்பு வாசலுக்கு வந்தான். இரண்டு பக்கமும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் அவனைத் தொடவில்லை. ஆனாலும் போலீஸ் கூட்டி வருவது போலத்தான் இருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"யாரு சொன்னது?" என்றான்.

ஏஞ்சலின் வாயைத் திறந்தாள்.

"நான்தான்டா" என்று சாலமோன் ஓரடி முன்னால் வந்தார்.

அன்பு அவரைப் பார்த்தான். தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, அவர்தானா என்று சரிபார்ப்பது போலப் பார்த்தான்.

"நீயா?"

"நான்தான்."

"உன்னப் பாத்துதான நைனா ஓட்டிக்கினு இருந்தேன்."

சாலமோன் தலையைக் குனிந்துகொண்டார். அன்பு ஹெல்மெட்டைக் கழற்றி அவர் காலடியில் வைத்தான். தங்கை பக்கம் திரும்பக்கூட இல்லை. வாசலைத் தாண்டி, ஹைவே இருக்கிற பக்கமாக நடந்தான். எதிரே வந்த ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனது.

"ஏன் நைனா பொய் சொன்ன? நான் சொன்னேன்னு சொல்லியிருக்கலாமே."

"என் மேல கோவமா இருக்கட்டும்" என்றார் சாலமோன். அவர் கன்னம் நனைந்திருந்தது. "நாளைக்கு அவன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போவ உன்ன வுட்டா ஆளில்ல. உன் மேல கோவம்னா அவன் வர மாட்டான். நீ சொன்னன்னு அவனுக்கு என்னிக்கும் தெரியக் கூடாது. போ. ரோட்டத் தாண்டறதுக்குள்ள அவன் கையப் புடி."

அவள் இரண்டடி ஓடியிருப்பாள். பின்னாலிருந்து ராஜமாணிக்கத்தின் குரல் கேட்டது.

"சாலமோன், நீங்க மட்டும் உள்ள வாங்க. இது உங்களுக்கு எத்தனை நாளாத் தெரியும்?"

ஏஞ்சலின் திரும்பிப் பார்த்தாள். அப்பா கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக் கைக்குள் மூடிக்கொண்டு, ராஜமாணிக்கத்தின் ஆபீஸ் அறைக்குள் போய்க்கொண்டிருந்தார்.